குழந்தையிடம் போன பதினான்காம் கட்டில்

பிரசவ வார்டின் பதினான்காம் எண் கட்டில், அதில் படுத்திருந்த பெண்ணையும் சுமந்துகொண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவில் பதினொரு அடி நகர்ந்தது. யாரும் தள்ளவில்லை. நான்கு சக்கரங்களிலும் பிரேக் போட்டிருந்தது. நகர்ந்த பிறகும் போட்டபடியே இருந்தது. சன்னலோரம் இருக்க வேண்டிய கட்டில் வார்டு வாசலை மறித்து நிற்பதை முதலில் பார்த்தவர் வார்டுக்குப் பொறுப்பான பெரிய சிஸ்டர். இருபத்தாறு வருட வேலையில் அவர் பார்க்காதது எதுவும் இல்லை என்று அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள், அவர் உட்பட. கட்டிலில் தூங்கியவளைத் தோளில் தட்டி எழுப்பி, "யாரும்மா தள்ளினது?" என்று கேட்டார். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "தூங்கிட்டேன் சிஸ்டர். இது எந்த ஸ்டாப்பு?" என்றாள்.

அவள் அப்படிக் கேட்டதில் வியப்பில்லை. அவள் பஸ் கண்டக்டர். பதினொரு வருடமாக ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். அவள் குரல் கொடுத்தால் கடைசிப் படியில் தொங்குகிறவர்கூட நடு பஸ்ஸுக்கு வந்துவிடுவார் என்று டிப்போவில் சொல்வார்கள். பிரசவ விடுப்பில் போவதற்கு முந்தைய நாள், காலை டிரிப்பில், தலை இடிக்கிறது, கண்ணில் பூச்சி பறக்கிறது என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் வழித்தடத்தை விட்டு பஸ்ஸைத் திருப்பி நேரே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். உள்ளே நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள். இறங்க வேண்டிய இடத்தில் இறக்கிவிடச் சொல்லி ஒருவர்கூடக் கேட்கவில்லை. ரத்த அழுத்தம் எகிறிக் கிடந்ததால் உடனே ஆபரேஷன். ஏழு மாதம்கூட முடியாத பெண் குழந்தை. எடை தொள்ளாயிரத்து எண்பது கிராம். மறுநாள் பயணிகளில் ஒருவர் வேலைக்குப் போகிற வழியில் வந்து, என்ன குழந்தை என்று விசாரித்துவிட்டுப் போனார்.

குழந்தையைப் பிறந்த கையோடு ஐசியூவுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். தாய் அதைப் பார்த்தது ஒரு கண்சிமிட்டும் நேரம். ஐசியூ வாசலில் ஒரு பலகை தொங்கியது. தாய்மார்களுக்குக் காலையில் அரை மணி, தகப்பன்மார்களுக்கு மாலையில் கால் மணி, நடந்து வர இயலாதவர்கள் இயன்ற பிறகு வரவும் என்று அதில் எழுதியிருந்தது. கண்டக்டரம்மாவுக்கோ ரத்த அழுத்தம் இறங்கும் வரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று உத்தரவு. சக்கர நாற்காலி ஒன்று இருந்தது. அதற்கு ஒரு சக்கரம் இல்லை. கணவர் கண்ணாடி வழியாகப் போனில் ஒரு படம் எடுத்துவந்து காட்டினார். படத்தில் முக்கால்வாசி அவருடைய மூக்குதான் பிரதிபலித்தது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு நர்ஸ் வந்து, அவள் பிழிந்து வைத்த சில சொட்டுப் பாலை ஊசிக்குழாயில் எடுத்துக்கொண்டு போவாள். கண்டக்டரம்மா போகிறவளின் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பாள். "லக்கேஜ் மட்டும் போய்ச் சேருது. ஆள் இங்கயே கெடக்கேன்" என்று பக்கத்துக் கட்டிலிடம் சொல்லிச் சிரித்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இது திங்கள்கிழமை நடந்தது. மறுநாள்தான் கட்டில் கிளம்பியது.

கட்டிலைப் பழைய இடத்துக்கே தள்ளி வைத்தார்கள். புதன்கிழமை அது வாசலைத் தாண்டி, மருந்து அறையின் எதிரே இருபத்தாறாவது அடியில் நின்றது. திரும்பவும் தள்ளி வைத்தார்கள். வியாழக்கிழமை பெரிய சிஸ்டர் தன் ஸ்கூட்டரைப் பூட்டுகிற சங்கிலியைக் கொண்டுவந்து கட்டிலைச் சன்னல் கம்பியோடு சேர்த்துப் பூட்டினார். சங்கிலியின் நீளம் நான்கு அடி. பிற்பகல் கட்டில் நாற்பதாவது அடியில் துணி அறை வாசலில் நின்றது. சங்கிலி அறுபடவில்லை, கம்பி வளையவில்லை, பூட்டு திறக்கவில்லை. ஒரு முனை சன்னலிலும் மறு முனை கட்டிலிலும் ஒழுங்காகவே இருந்தன. அன்றைக்கு அந்தச் சங்கிலி நாற்பது அடி இருந்தது. கழற்றி ஸ்கூட்டரில் மாட்டியபோது பழையபடி நான்கு அடியாகிவிட்டது. அவ்வளவுதான் சிஸ்டர் ரிப்போர்ட்டில் எழுதினார்.

ரிப்போர்ட்டைப் படித்த ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் அளவுகோலையும் கோப்புகளையும் நம்புகிற மனிதர். கெட்டவர் இல்லை, எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் எழுத வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். தரை சரிவாக இருக்கும் என்று நினைத்து ஒரு கோலிக்குண்டை வராந்தாவில் வைத்தார். குண்டு ஐசியூ பக்கமிருந்து வார்டு பக்கமாக உருண்டு வந்தது. அப்படியென்றால் கட்டில் இத்தனை நாளும் மேட்டில் ஏறியிருக்கிறது. தரை சரி, கட்டில்தான் சரியில்லை என்று முடிவுகட்டி, கண்டக்டரம்மாவை ஒன்பதாம் எண்ணுக்கு மாற்றிவிட்டு, பதினான்கில் வேறொரு பெண்ணைப் படுக்கவைத்தார். அவளுடைய குழந்தை கொழுகொழுவென்று அவள் பக்கத்திலேயே கிடந்தது. பதினான்கு ஓர் அங்குலம்கூட அசையவில்லை. ஒன்பது கிளம்பிவிட்டது. கண்காணிப்பாளர் கண்டக்டரம்மாவைப் பதினான்குக்கே திருப்பி அனுப்பினார். காரணம் என்ற கட்டத்தில் எதையும் எழுதாமல் பேனாவை மூடினார். அவர் வேலைக்கு வந்த நாள்முதல் காலியாக விட்ட முதல் கட்டம் அது. கட்டிலைத் திருப்பித் தள்ளுகிற தொழிலாளி, தினமும் இறக்கத்தில் தள்ளித் தள்ளி இடுப்பு விட்டுப்போயிற்று, இனி அது நின்ற இடத்திலேயே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

கண்டக்டரம்மாவின் கணவர் ஊர் எல்லையில் லாரிகளை நிறுத்தி எடை பார்க்கிற எடைமேடையில் வேலை பார்த்தார். அறுபது டன் வரைக்கும் எடை காட்டும் மேடை அது. பத்துக் கிலோவுக்குக் கீழே எதையும் மதிக்காது. ஓர் ஆள் நடுவில் நின்று குதித்தால் ஏதோ போனால் போகிறதென்று முள் அசைவது போல ஓர் எண் வந்து போகும். அவருக்கு இரண்டு நாள்தான் விடுப்பு கிடைத்தது. புதன்கிழமை வேலைக்குத் திரும்பினார். பகல் பன்னிரண்டு பத்துக்கு, மேடையில் ஈ காக்கை இல்லாத நேரத்தில், சிவப்பு எழுத்துப் பலகையில் 0.965 என்று வந்து நின்றது. துணியால் துடைத்தார். போகவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவர் வந்து பார்த்து, இந்த மெஷினுக்குக் கிராம் என்றால் என்னவென்றே தெரியாதே என்று தலையைச் சொறிந்துவிட்டுப் போனார். அன்று மாலை கால் மணி நேர அனுமதியில், நர்ஸின் தோளுக்கு மேலாக எட்டிக் குழந்தையின் அட்டையைப் பார்த்தார் தகப்பன். பகல் பன்னிரண்டு பத்து, எடை 965 என்று எழுதியிருந்தது.

அதன் பிறகு தினமும் அந்த நேரத்துக்குப் பலகை குழந்தையின் எடையைக் காட்டியது. லாரி டிரைவர்களுக்கு விஷயம் பரவ அரை நாள் பிடிக்கவில்லை. பன்னிரண்டு மணி அடித்ததும் மேடையை விட்டு வண்டிகளை இறக்கி ஓரம் கட்டிவிட்டு, டீ டம்ளரோடு வந்து பலகைக்கு முன்னால் நிற்பார்கள். சிமென்ட் லாரி ஓட்டுகிற தாடிக்காரர் ஒருவர் அந்தப் பத்து நிமிடத்துக்கு யாரையும் இருமக்கூட விடமாட்டார். ஆனால் எண் நாளுக்கு நாள் இறங்கியது. வியாழக்கிழமை 905. வெள்ளிக்கிழமைக் கணக்குப்படி 880. நாற்பது லாரிகள் வரிசையில் நின்றன. தாடிக்காரர் தகப்பனின் தோளில் ஒருமுறை கையை வைத்துவிட்டு, போய் வண்டியை எடுத்தார்.

அன்று மாலை தகப்பன் மனைவியைப் பார்க்கப் போனபோது, கட்டில் லிஃப்டைத் தாண்டித் திருப்பத்தில் நின்றது. அவளுடைய நாத்தனார், அவருக்கு நேர் அக்கா, கால்மாட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ இருக்காளாம்?" என்றாள் கண்டக்டரம்மா.

"ஆயிரத்தைத் தாண்டிட்டா."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏங்க, பன்னண்டு வயசுப் பையனை மடியில உக்கார வச்சுக்கிட்டு அஞ்சு வயசுன்னு சொல்றவங்களைப் பதினொரு வருஷமா பாக்கறேன். இப்ப உங்க மூஞ்சி அப்படித்தான் இருக்கு. எவ்ளோ?"

"எண்ணூத்தி எண்பது" என்று சொல்லும்போதே அவர் உடைந்துபோனார். அறுபது டன்னை அலட்சியமாகப் பார்க்கிற ஆள், கட்டில் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அக்கா ஆரஞ்சைக் கீழே வைத்துவிட்டுத் தானும் அழுதார். கண்டக்டரம்மா மட்டும் அழவில்லை. கணவரின் தலையில் கையை வைத்துக்கொண்டு, "அழுது முடிங்க. முடிச்சிட்டு டாக்டர்கிட்டப் போய், ஏன் கொறையுதுன்னு கேளுங்க. நமக்குத் தெரியாததை நெனச்சு நாமளே பயந்துக்கிட்டு இருந்தா எப்படி?" என்றாள்.

"டாக்டர் சனிக்கிழமைதான் பேசுவாங்களாம்."

"நாளைக்குச் சனிக்கிழமைதானே!" என்றார் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

குழந்தைகள் டாக்டர் ஒல்லியான பெண்மணி. கொண்டையில் பேனாவைச் செருகிக்கொண்டு அதையே ஊரெல்லாம் தேடுகிறவர். சனிக்கிழமை காலையில் தகப்பன் கேட்டதும், மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு கோடு வரைந்தார். கோடு இறங்கி, தரையைத் தொட்டு, மெல்ல ஏறியது. பிறக்கிற எல்லாக் குழந்தைக்கும் முதல் வாரத்தில் உடம்பு நீர் வற்றி எடை குறையும், இவ்வளவு சின்னக் குழந்தைக்குக் கொஞ்சம் கூடவே குறையும், பத்துப் பன்னிரண்டு நாளில் ஏறத் தொடங்கும் என்றார். சொல்லி முடிக்க நான்கு நிமிடம் ஆயிற்று. "இதை மொத நாளே யாராவது சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும், டாக்டர்" என்றார் தகப்பன். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் டாக்டருக்கு அது சுருக்கென்று தைத்தது. கொண்டையிலிருந்த பேனாவை அன்று தேடாமலே எடுத்து, தன் போன் நம்பரை அந்தக் கோட்டுக்குக் கீழே எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரத்திலிருந்து ஐசியூவில் சேர்கிற ஒவ்வொரு குழந்தையின் வீட்டாருக்கும் முதல் நாளே நான்கு நிமிடம் என்று அவரே ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை பிற்பகலில் கட்டில் நூற்று அறுபத்து மூன்றாவது அடியை எட்டி ஐசியூ கதவில் போய் நின்றது. கதவைத் திறந்து கொடுத்தது யார் என்று தெரியவில்லை. கதவின் அகலம் மூன்று அடி, பக்கக் கம்பிகள் துருத்துகிற நடுவில் கட்டிலின் அகலம் மூன்று அடி இரண்டு அங்குலம். அதனால் தலைமாடு உள்ளேயும் கால்மாடு வெளியேயுமாகக் கட்டில் சிக்கிக்கொண்டது. இவள் உள்ளே வந்துவிட்டாளா, வரவில்லையா என்று விதியில் எங்கும் சொல்லப்படவில்லை. ஐசியூ நர்ஸுகள் தங்களுக்குத் தெரிந்த மட்டில் முடிவெடுத்தார்கள். கைகள் உள்ளே இருந்ததால் கைகளை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவவைத்தார்கள். தலை உள்ளே இருந்ததால் தொப்பியும் முகமூடியும் கொடுத்தார்கள். கால்கள் வெளியே இருந்ததால் செருப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. கால்மாட்டில் உட்கார்ந்திருந்த நாத்தனாருக்குத்தான் மனசு ஆறவில்லை. "எல்லாரும் மூஞ்சியப் பாத்துப் பேசுறாங்க. எனக்குக் கெடச்சது இந்த ரெண்டு காலுதான்" என்று அவற்றைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

படுத்தபடியே தலையைத் திருப்பினால் மூன்றாவது பெட்டி தெரிந்தது. பன்னிரண்டு அடி தூரம். பிறந்து ஆறு நாளான மகளைத் தாய் அப்போதுதான் நன்றாகப் பார்த்தாள். ஒரு தொப்பி, மூக்கில் காற்றுக்குழாய், கையில் ஒரு பட்டை, இவற்றுக்கெல்லாம் நடுவில் எங்கேயோ குழந்தை இருந்தது. தன் டிக்கெட் மெஷினைவிடச் சின்னது என்று அவளுக்குத் தோன்றியது. குழந்தை ஒரு காலைத் தூக்கி, யாரையோ உதைத்துவிட்டு, கீழே வைத்தது. "அடியம்மா!" என்றாள் கண்டக்டரம்மா. "எடம் பத்தலன்னு இப்பவே சண்டை போடுறாளே." அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். நர்ஸ் ஒருத்தி நனைந்த முகமூடியை வாங்கிக்கொண்டு புதிது கொடுத்தாள். அன்று மாலைக்குள் நான்கு முகமூடி மாற்ற வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு மூன்றாவது பெட்டியின் மணி அலறியது. அத்தனை சின்னக் குழந்தைகள் சில சமயம் மூச்சுவிட மறந்துபோவது உண்டு. பாதத்தைச் சுண்டினால் ஞாபகம் வந்துவிடும். நர்ஸ் சுண்டினாள். வரவில்லை. முதுகைத் தேய்த்தாள். வரவில்லை. ரோஜா நிறமாயிருந்த கால் மெல்ல ஈய நிறத்துக்குப் போவதைக் கதவில் சிக்கிக் கிடந்த தாய் பார்த்தாள். டாக்டர் காற்றடிக்கிற பையோடு அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்துகொண்டிருந்தார். அவளால் எழுந்து ஓட முடியவில்லை. கை நீட்டினால் எட்டவில்லை. அவளிடம் மிச்சமிருந்தது குரல் ஒன்றுதான். நின்றுபோன எதையும் கிளப்புவதற்கு அவளுக்குத் தெரிந்த வார்த்தையும் ஒன்றுதான். தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கத்தினாள்:

"போலாம் ரைட்!"

கண்ணாடிகள் அதிர்ந்தன. பெட்டிக்குள் அந்தச் சின்ன நெஞ்சு ஒரு குலுங்கு குலுங்கி எழும்பியது, இறங்கியது, மறுபடி எழும்பியது. மற்றப் பெட்டிகளில் இருந்த பதினொரு குழந்தைகளும் அதே நொடியில் ஒரு பெருமூச்சு வாங்கியதை எல்லா மானிட்டர்களும் பதிவு செய்தன. கால் மறுபடி ரோஜா நிறத்துக்கு வந்தது. வராந்தாவில் நாத்தனார் பயந்துபோய்ப் பிடித்திருந்த காலைக் கிள்ளிவிட்டார். அந்தத் தழும்பு ஒரு வாரம் இருந்தது.

டாக்டர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். பிறகு, "இன்னொரு தடவை சொல்லுங்க. மெதுவா" என்றார்.

"போலாம்... ரைட்" என்றாள் அவள், காதோடு பேசுவது போல.

மானிட்டரில் கோடு அழகாக ஒரு படி ஏறியது. "மெதுவா சொன்னாலும் கேக்குது" என்றார் டாக்டர். "அப்ப நீங்க பக்கத்துல இருக்கணும். தூரத்துலேர்ந்து கத்துனா மத்த பாப்பாங்க தூக்கம் கெடும்."

கண்காணிப்பாளரை வீட்டிலிருந்து வரவழைத்தார்கள். அவர் கதவைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், கோப்பைத் தேடினார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கோப்பு கையில் இல்லை. "விதி என்ன சொல்லுதுன்னா..." என்று ஆரம்பித்தார்.

"சார், ஒண்ணு கட்டில் வெளிய போகணும், இல்ல கதவு வெளிய போகணும்" என்றார் டாக்டர். "கட்டில் நம்ம பேச்சைக் கேக்காதுன்னு ஒரு வாரமா பாத்துட்டோம். கதவு கேக்கும்."

தச்சர் வந்தார். தூசி போகாமலிருக்கப் பிளாஸ்டிக் திரையைக் கட்டிவிட்டு ஒன்றரை மணி நேரத்தில் நிலையைப் பெயர்த்தெடுத்தார். கடைசி ஆணி கழன்றதும், யாரும் தொடாமலே கட்டில் மீதிப் பன்னிரண்டு அடியை நிதானமாகக் கடந்து, மூன்றாவது பெட்டியை உரசாமல், ஒரு கை அகலம் இடைவெளி விட்டு நின்றது. இவ்வளவு சுத்தமாக ஓரங்கட்டுகிற டிரைவரைத் தான் பார்த்ததில்லை என்று கண்டக்டரம்மா பிற்பாடு சொல்வாள். டாக்டர் குழந்தையைக் குழாயோடும் ஒயரோடும் தூக்கி, அவளுடைய சட்டைக்குள், நெஞ்சோடு நெஞ்சாகப் படுக்கவைத்து ஒரு துணியால் சுற்றிக் கட்டினார். ஒரு லிட்டர் பால் கனம்கூட இல்லை. குழந்தை கன்னத்தை அழுத்தி, ஒரு பக்கமாக வாயைத் திறந்து, சொந்த வீட்டுக்கு வந்துசேர்ந்தவள் போலத் தூங்கியது. "டிக்கெட் குடுத்தாச்சுடி" என்றாள் அவள் தொப்பியின் உச்சியைப் பார்த்து. "இனிமே யாரு சொன்னாலும் எறக்கி விடமாட்டேன்."

பன்னிரண்டாம் நாள் எடைமேடைப் பலகை 0.895 காட்டியது. நாற்பது லாரிகளும் ஒன்றாக ஹாரன் அடித்தன. ஒலி எழுப்பக் கூடாது என்ற பலகைக்குக் கீழேயே தாடிக்காரர் நின்று அடித்தார். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் ஐசியூவில் இருந்த கண்டக்டரம்மா, கணவர் வந்து சொல்வதற்கு முன்பே விஷயத்தைத் தெரிந்துகொண்டாள்.

அந்த வாரத்திலேயே மூன்று, ஏழு, இருபத்தொன்று ஆகிய கட்டில்களும் கிளம்பிவிட்டன. எல்லாமே குழந்தையை ஐசியூவில் விட்டுவிட்டு வார்டில் கிடந்த தாய்மார்களின் கட்டில்கள். இரண்டு மணிக்கு மேல் வராந்தாவில் நெரிசல் ஏற்பட்டதால் பெரிய சிஸ்டர் லிஃப்ட் திருப்பத்தில் நின்றுகொண்டு, எது முதலில் போக வேண்டுமென்று கை காட்டினார். கட்டில்கள் அவருக்குக் கட்டுப்பட்டன. கண்காணிப்பாளர் பழைய பலகையைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினார். வண்ணத்தை வீணாக்குவது அவருக்குப் பிடிக்காது. "பெற்றோர் வரலாம்" என்று இரண்டே வார்த்தைகள். தகப்பன்மார்களும் அப்போதுதான் முதல்முறையாக நேரம் பார்க்காமல் உள்ளே வந்தார்கள். வந்தவர்களுக்கு உட்கார ஒரு முக்காலிகூட இல்லை. எடைமேடைக்காரர் இதைப் பேச்சுவாக்கில் சொன்னதும், லாரி டிரைவர்கள் ஒரு பழைய வண்டியின் டிரைவர் சீட்டைக் கழற்றி, மூன்று தடவை கழுவி, புது உறை போட்டு அனுப்பினார்கள். பக்கத்தில் இருந்த பிடியை இழுத்தால் சாய்ந்து கொடுக்கும். எடைமேடைக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு அதில் சாய்ந்துகொள்ள, மகளை அவர் நெஞ்சில் வைத்தார்கள். அவள் அவருடைய நெஞ்சு முடி ஒன்றைக் கைக்குள் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஒரு மணி நேரம் வலியோடு அசையாமல் இருந்தார். வாழ்க்கையிலேயே அதுதான் தனக்கு நல்ல நேரம் என்று பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார்.

எல்லாக் கட்டில்களும் சிரித்துக்கொண்டு திரும்பிவிடவில்லை. பிற்பாடு போய்ச் சேர்ந்திருந்த ஐந்தாம் எண் ஒரு வெள்ளிக்கிழமை தானாகவே ஐசியூவிலிருந்து வெளியே வந்து, இறக்கமான வராந்தாவில் மிக மெதுவாக, மேட்டில் ஏறுவதைப் போல, வார்டுக்குத் திரும்பியது. வராந்தாவில் இருந்த எல்லோரும் எழுந்து நின்றார்கள். அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்த கண்டக்டரம்மா அந்தக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நூற்று அறுபத்து மூன்று அடியும் கூடவே நடந்தாள். அன்று அவள் யாரிடமும் வேடிக்கையாகப் பேசவில்லை. அந்தத் தாயின் பக்கத்தில் நாத்தனார் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். சாப்பிடச் சொல்லவில்லை, ஆறுதல் சொல்லவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார்.

கண்டக்டரம்மாவின் ரத்த அழுத்தம் இறங்கியதும், இனி வீட்டுக்குப் போகலாம் என்று வார்டு டாக்டர் எழுதிவிட்டார். சட்டப்படி அவள் நோயாளி இல்லை, இடமும் கிடையாது. பெரிய சிஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதிவேட்டில் எழுதினார்: நோயாளி டிஸ்சார்ஜ் ஆனார், கட்டில் ஆகவில்லை. வார்டின் கணக்கில் அந்தக் கட்டில் இல்லை; ஐசியூவின் கணக்கில் கட்டில் என்ற பொருளே இல்லை. ஆக அது எங்கும் இல்லாத கட்டில் என்பதால் அதில் படுத்திருந்தவளை எழுப்ப யாருக்கும் அதிகாரம் இல்லாமல் போயிற்று. குழந்தை மூச்சை மறக்கும்போதெல்லாம் அவள் ஞாபகப்படுத்தினாள். நர்ஸுகள் அட்டையில் மருந்துகளுக்குக் கீழே, "போலாம் ரைட், மூன்று முறை" என்று எழுதினார்கள். அடுத்த வாரம் இரண்டு முறை, பிறகு ஒரு முறை. முப்பத்து மூன்றாம் நாளுக்குப் பிறகு அந்த வரியே தேவைப்படவில்லை. ஐம்பத்தெட்டாம் நாள், ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிராமோடு குழந்தையை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது. அது அவளுடைய வழித்தடத்து பஸ். அந்த வாசலில் அதற்கு நிறுத்தமே கிடையாது. அன்று முதல் எடைமேடை கிராமை மறந்துவிட்டு, டன்னோடு பழையபடி ஒத்துப்போயிற்று.

குழந்தை பதினேழாவது மாதத்தில் நடந்தாள். நடக்கத் தொடங்கியதும் ஓடினாள். கண்ணாடி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். அவளுக்கும் அம்மாவின் குரல்தான் என்று ஆசிரியர்கள் குறைப்பட்டார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு முறை வெள்ளையடித்தார்கள். பெயர்த்த நிலையைத் திரும்ப வைக்கவில்லை. அகலமான புதுக் கதவு ஒன்றை மாட்டினார்கள். டாக்டரின் கொண்டை நரைத்தது, பேனா மட்டும் அங்கேயே இருந்தது. பெரிய சிஸ்டர் ஓய்வு பெற்றார். வார்டுப் பதிவேட்டில் நோயாளியின் பெயர், வயது, நோய் ஆகியவற்றோடு, கட்டில் இன்று எங்கே என்ற ஒரு கட்டத்தையும் அச்சிலேயே சேர்த்துவிட்டார்கள். கட்டம் காலியாக இருந்ததில்லை.

ஒன்பது வருடம் கழித்து ஒரு புதிய கண்காணிப்பாளர் வந்தார். வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர். யாரும் அவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை, சொல்ல வேண்டிய விஷயமாக யாருக்கும் தோன்றவில்லை. முதல் நாள் பிற்பகல், மதிய உணவு முடிந்து வராந்தாவில் வந்துகொண்டிருந்தார். எதிர்ச் சுவரோரம் ஒரு கட்டில் வந்தது. தள்ள ஆளில்லை. அதில் ஓர் இளம்பெண் வாயைத் திறந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வை ஒரு பக்கம் சரிந்து தரையைத் தொட்டபடி வந்தது. புதியவர் நடு வராந்தாவில் அப்படியே நின்றுவிட்டார்.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்மணி துடைப்பானை ஓரமாக இழுத்துக்கொண்டு, சரிந்த போர்வையை எடுத்துக் கட்டிலின்மேல் போட்டுவிட்டு, "கொஞ்சம் ஒதுங்கிக்கங்க சார்" என்றார். "அவங்க குழந்தைகிட்டப் போறாங்க."

அவர் ஒதுங்கி நின்றார். கட்டில் போன பிறகு தன் அறைக்குப் போனார்.